திருச்சுழியில் தேடிய ஓசை

 

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில், பாட்டியார் தம் கைப்பட எழுதிய நோட்டு ஏதேனும் இருக்கின்றதா? இருந்தால், இக்கட்டுரையைப் படித்து முடித்தபின் அதனை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கின்றது. என் தாயாரின் தாயார், நாங்கள் ‘நன்னி’ என்று அழைத்தவர், அரபுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்த நோட்டு அது. அதில் 11 பாட்டுகள் உள்ளன. தொட்டிலாட்டும் தாலாட்டுகளும், இறைவனிடம் கையேந்தும் முனாஜாத்துகளும், மணமகளை வாழ்த்தும் பாட்டுகளும் அவை. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் சிவப்பு மையில், இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி இருக்கும். ஓரங்களில் கொடியும் பூவுமாக அவரே வரைந்த சித்திரங்களும் உண்டு. சொற்கள் தெளிவாக இருக்கின்றன. அவற்றைப் பாடத்தான் எங்கள் குடும்பத்தில் இன்று ஒருவரும் இல்லை. மெட்டுக்கு மேற்கோளாக அவர் குறித்த அந்த மூலப் பாட்டுகளையும் நாங்கள் அறியோம்.

நன்னியிடம் பாடம் கேட்ட பெண்களில் ஒருவர் மட்டும் இன்றும் இருக்கிறார் என்று அண்மையில் அறிந்தேன். எனக்குப் பெரியம்மா முறை. வாழ்க்கைப்பட்ட ஊர் திருச்சுழி. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இனியும் தாமதிப்பது தகாது என்று, நோட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு அருப்புக்கோட்டையில் பேருந்து ஏறினேன்.

கரிசல் வழியே

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு அரை மணிப் பயணந்தான். தறி ஓசை கேட்கும் தெருக்களைக் கடந்தால் வானம் பார்த்த பூமி தொடங்கிவிடுகின்றது. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் மல்லியும் மிளகாயும் விளையும். பெய்யாவிட்டால் சீமைக் கருவேல மரங்களே மிஞ்சும். அவற்றை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைப்பவர்கள் இப்பக்கத்தில் ஏராளம். கண்மாய்க் கரையில் வெள்ளாடுகள் கூட்டங்கூட்டமாய் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த ஆடுகளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

திருச்சுழி குண்டாற்றின் கரையில் அமைந்த பழைய ஊர். முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1985-ஆம் ஆண்டு முதல் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. ரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூரில்தான். ஊரின் நடுவே திருமேனிநாதர் கோயில் நிற்கின்றது. சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவரான சுந்தரர், எட்டாம் நூற்றாண்டளவில் இத்தலத்தைப் பாடியிருக்கிறார்.

பெரியம்மா வீட்டுக்குச் சென்றபோது அவர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். “லுஹருக்கு எழுந்துவிடுவார்கள், இருங்கள்” என்றாள் பேத்தி. மகளை அங்கே விட்டுவிட்டு, அதே ஊரில் ஓய்வாக வாழ்ந்துவரும் என் பழைய தமிழாசிரியரைக் காணச் சென்றேன்.

ஒரே ஒரு சொல்

ஆசிரியர் திண்ணையில் அமர்ந்திருந்தார். கோயில் ஒலிபெருக்கியில் தேவாரம் ஒலித்துக்கொண்டிருந்தது.

“கேட்டீரா தம்பி? நம்ம ஊர்ப் பதிகம்” என்றார். உள்ளே சென்று பழைய தேவாரப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். ஏழாம் திருமுறையில் 82-ஆம் பதிகம். தலைப்பில் ‘திருச்சுழியல்’ என்று ஊரின் பழைய பெயர். அதன் கீழே, ‘பண்: நட்டபாடை’ என்று ஒரு வரி.

நான் வியப்புடன் கேட்டேன்: “ஐயா, இதை எந்த ஓசையில் பாட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு சொல்தான் குறிப்பா?”

“ஆமாம். ஏட்டுச் சுவடியிலும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஓதுவார் தொண்டையில் இருக்கிறது” என்றார் அவர்.

என் நன்னியின் நோட்டிலும் அதே முறைதானே! மெட்டின் பெயர் மட்டும் எழுத்தில். மெட்டு எழுத்துக்கு வெளியே.

நட்டபாடையை இன்றைய ஓதுவார்கள் நாட்டை இராகத்தின் சாயலில் பாடுகின்றனர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் சுந்தரர் பாடிய ஓசை அணுவும் பிசகாமல் இதுவேதானா என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆயினும் பாட்டு இன்றும் பாடப்படுகின்றது.

அது பிழைத்த வரலாற்றையும் ஆசிரியர் சொன்னார். திருமுறை கண்ட புராணம் கூறும் செய்தி அது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னர் முயற்சியால் நம்பியாண்டார் நம்பி அவற்றைக் கண்டபோது, பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது. எஞ்சியவற்றைத் தொகுத்தார்கள். சொற்கள் கிடைத்தன, ஓசை கிடைக்கவில்லை. அப்பொழுது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியை எருக்கத்தம்புலியூரில் கண்டு, அவர் வாயிலாகவே பண்களை வகுத்தார்கள் என்பது மரபு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவதற்கென்றே 48 பேரை முதலாம் இராசராசன் அமர்த்தியதை அக்கோயிலின் கல்வெட்டே உரைக்கின்றது. மன்னரின் ஆணையும் ஏடும் இருந்தன. எனினும் ஓசைக்கு ஒரு பெண்ணின் நாவை நாடவேண்டியிருந்தது என்று அம்மரபு சொல்லுகின்றது.

“அப்படியானால் ஓசையையே எழுதிவிட முடியாதா?” என்ற கேள்வி உங்களுக்கு எழுவது இயற்கை. தமிழ் மண்ணிலேயே எழுதிப் பார்த்திருக்கிறார்கள். புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாறை முகத்தில் சுரங்களை நான்கு நான்காக அடுக்கி, ஏழு பகுதிகளாக வெட்டியிருக்கிறார்கள். கல் அழியவில்லை, எழுத்தும் தேயவில்லை. ஆனால் அதனை எப்படிப் பாடினார்கள், எந்தக் கருவியில் வாசித்தார்கள் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

ஆசிரியர் இதனைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் கண்ட ஒரு காட்சி என் நினைவில் எழுந்தது. அதனை உங்களிடம் விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன்.

குர்துபாவில் கண்ட ஏடு

ஸ்பெயின் நாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு ஒருமுறை கிட்டியது. நம்மவர் எவர் சென்றாலும் முதலில் நாடுவது குர்துபாப் பள்ளிவாசலையன்றோ! முதலாம் அப்துர் ரஹ்மான் 785-ஆம் ஆண்டளவில் எழுப்பத் தொடங்கி, பின்வந்தோர் விரிவாக்கிய இறையில்லம் அது. செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி அமைந்த வளைவுகள் முடிவின்றித் தொடர்வனபோல் தோன்றும். இரண்டாம் ஹகம் அமைத்த மிஹ்ராபின் பொன்மணிச் சித்திர வேலைப்பாட்டைக் கண்டு நெடுநேரம் நின்றேன். கிறிஸ்தவர் கைக்கு 1236-ஆம் ஆண்டில் மாறிய அக்கட்டடத்தின் நடுவே, 1523-ஆம் ஆண்டில் தொடங்கிப் பெரியதொரு தேவாலயத்தை எழுப்பியிருக்கிறார்கள்.

பாடகர் குழாம் அமரும் அந்தப் பகுதிக்குரிய பாடல் ஏடுகள் என்று, கண்ணாடிப் பேழைக்குள் சில பெரும் புத்தகங்களை விரித்து வைத்திருந்தனர். என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு சிறு கதவளவு! தாள் அன்று, தோல். சிவப்புக் கோடுகளின்மேல் கறுத்த சதுரப் புள்ளிகள் ஏறியும் இறங்கியும் சென்றன. அவற்றின் கீழே இலத்தீன் மொழிச் சொற்கள் இருந்தன. பக்கத்தின் முதல் எழுத்து மட்டும் கையகலத்துக்கு மேல் வளர்ந்து, பொன்னும் நீலமும் குழைந்து, கொடிகள் சுற்றிப் படர்ந்து நின்றது.

மத்திய கால ஐரோப்பாவில் வளர்ந்த கலை இது. பெருந்திருப்பலியில் பாடப்படுவன அடங்கிய நூலைக் கிராடுவல் என்றும், நாளின் பல வேளைகளில் துறவிகள் பாடுவன அடங்கிய நூலை ஆன்டிபோனரி என்றும் வழங்குகின்றனர். தொடக்கத்தில் இவை கையடக்கமாகவே இருந்தன. பாடல்களை மனனமாகப் பாடி, ஐயம் வந்தால் மட்டும் ஏட்டைப் பார்ப்பர். பின்னாளில், ஒரே ஏட்டைப் பீடத்தில் நிறுத்திப் பத்துப் பதினைந்து பேர் எட்ட நின்று பார்த்துப் பாடும் வழக்கம் வந்தது. அதனால்தான் ஏடு கதவளவாயிற்று.

இப்பொழுது கண்மாய்க் கரை ஆடுகளுக்கு வருவோம். ஏட்டுக்குரிய தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார்கள். மயிரைச் சுரண்டி நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைபோன்ற கத்தியால் வழித்து வழித்து மெலிதாக்குவார்கள். பெரிய ஏட்டின் ஒரு விரிப்புக்கு ஆட்டின் முழுத்தோல் வேண்டியிருக்கும். இருநூறு பக்கம் கொண்ட நூலென்றால், திருச்சுழிக் கண்மாயில் நான் கண்ட மந்தையைப் போல் எத்தனை மந்தை! ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பு, பதினாறாம் நூற்றாண்டில் எஸ்கோரியல் மடத்துக்காக இருநூறுக்கும் மேற்பட்ட பாடல் ஏடுகளை எழுதச் செய்தார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்துக்குப் பொன் பதிப்பதும் எளிதன்று. சுண்ணப் பசையை மேடாகத் தடவி, மூச்சுக் காற்றால் அதனை ஈரமாக்கி, மெல்லிய பொற்றகட்டை ஒட்டுவார்கள். பிறகு வழவழப்பான கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மின்னச் செய்வார்கள். நீல நிறத்துள் உயர்ந்தது, ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையில் கிடைக்கும் லாஜவர்த் கல்லை அரைத்தெடுத்ததாகும். அந்தக் கல் முஸ்லிம் நாடுகளின் வணிகப் பாதை வழியாகவே மேற்கே சென்றது. அவ்வேடுகளில் நீலம் ஒளிரும் இடமெல்லாம் நம் வணிகரின் ஒட்டகச் சுவடும் பதிந்திருக்கின்றது எனலாம். முதலெழுத்தின் வயிற்றுக்குள், யாழ் மீட்டும் தாவூத் நபி (அலை) அவர்களைக் குறிக்கும் ஓவியத்தை வரைவதும் அவர்கள் வழக்கம். நபிமார்களை உருவமாக வரைவது நமக்கு ஏற்புடையதன்று. எனினும் அந்தப் பெயரை அங்கே காணும்போது, இரு சமூகத்தாரும் ஒரே வரலாற்றின் வாயிலில் நிற்பதை உணராமல் இருக்க முடியாது.

புள்ளியும் கோடும்

ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியத் துறவிகள் சொற்களுக்கு மேலே சிறு கீற்றுகளை இடத் தொடங்கினார்கள். நியூம் என்று அவற்றுக்குப் பெயர். குரல் ஏறுகின்றதா, இறங்குகின்றதா, குழைகின்றதா, நிற்கின்றதா என்பதை அவை காட்டும். எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு என்பதைக் காட்டா. சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் மடத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய அத்தகைய ஏடு இன்றும் உள்ளது. அக்கீற்றுகள் பாட்டை முன்பே அறிந்தவருக்கு நினைவூட்டும். அறியாதவருக்கு ஒன்றும் கற்பிக்கமாட்டா.

இக்குறையைப் போக்கியவர் இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகருடன் இணைத்து அறியப்படும் குயிதோ என்ற துறவி. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். கீற்றுகளைக் கோடுகளின் மீதும் இடையிலும் நிறுத்தி, இரண்டு கோடுகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் தீட்டி, இன்ன கோடு இன்ன சுரம் என்று வரையறுத்தார். பத்தாண்டு பயின்றும் அரைகுறையாகவே கற்ற பாடகர், தம் முறையில் ஓராண்டில் அல்லது மிஞ்சினால் இரண்டாண்டில் தேர்ச்சி பெறலாம் என்று தம் மடல் ஒன்றில் எழுதினார்.

சுரங்களுக்குப் பெயரிடுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட பாட்டு எது தெரியுமா? யஹ்யா நபி (அலை) அவர்களைப் புகழும் இலத்தீன் பாடல். அதன் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைவிட ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும். அவ்வடிகளின் முதலசைகளே உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று சுரப் பெயர்களாயின. ‘உத்’ பிற்காலத்தில் ‘தோ’ ஆயிற்று. உலகெங்கும் பள்ளிச் சிறார் இன்று பாடும் சுரவரிசைக்கு இதுவே தோற்றுவாய். அரபு எழுத்துகளின் பெயர்களிலிருந்து இவை பிறந்தன என்று நம்மில் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை; நமக்கு இரவல் பெருமையும் வேண்டியதில்லை. யஹ்யா நபியின் தந்தையார் ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் பேச்சற்று இருந்த செய்தியும் அப்பாட்டில் குறிக்கப்படுகின்றது. திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில் அதனை இறைவனின் ஓர் அத்தாட்சியாக நாம் ஓதுகின்றோம். குரல் அடங்கிய ஒருவரின் நினைவைத் தாங்கிய பாட்டிலிருந்தே குரலை எழுதும் முறைக்குப் பெயர்கள் கிடைத்தன.

பேசாத பேரேடு

அதே ஸ்பெயினில் மற்றொரு வரலாறும் உண்டு. என் மனத்தை மிகவும் உறுத்திய வரலாறு அதுவே.

அந்தலூஸில் முஸ்லிம் ஆட்சியில் வாழ்ந்த கிறிஸ்தவர்களை மொஸராபுகள் என்பர். அரபியரின் மொழியும் நடையுடையும் ஏற்றவர் என்று பொருள்படும் ‘முஸ்தஃரிப்’ என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. அவர்களும் வடபகுதிக் கிறிஸ்தவரும் ரோமாபுரி முறையினின்று வேறுபட்ட, தமக்கே உரிய வழிபாட்டு இசையைக் கொண்டிருந்தனர். அம்மரபின் ஏடுகள் சிலவற்றின் ஓரத்தில் அரபியில் எழுதிய குறிப்புகளையும் காணலாம்.

அந்த இசையின் பேரேடு, லெயோன் நகரத் தேவாலயத்தில் உள்ள ஆன்டிபோனரி. பத்தாம் நூற்றாண்டினது. வண்ண ஓவியங்களும், நுணுக்கமான கீற்றுகளும் நிறைந்தது. ஆனால் குயிதோவின் கோடுகள் பிறப்பதற்கு முந்தியது. 1080-ஆம் ஆண்டை ஒட்டி, ரோமாபுரி முறையையே பின்பற்ற வேண்டும் என்று மன்னரும் திருச்சபையும் தீர்மானித்தனர். 1085-இல் துலைத்துலா எனப்படும் தொலேதோ நகரம் அல்போன்சோ மன்னர் வசமானபின், அந்நகரின் சில ஆலயங்களில் மட்டும் பழைய முறை நீடித்தது. நாளடைவில் பழைய மெட்டுகளைப் பாடியவர் மறைந்தனர். கற்பிப்பார் இன்மையால் கற்பாரும் இல்லை. இன்று ஆயிரக்கணக்கான பாட்டுகள் கீற்றுகளோடு ஏட்டில் இருக்கின்றன. அவற்றுள் பிற்காலக் குறியீட்டிலும் அகப்பட்டதனால் மெட்டு தெரிய வந்தவை மிகச் சிலவே. எஞ்சியவை எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரிகின்றது. எவ்வளவு என்பது தெரியவில்லை. உயிர் போன உடலுக்கு ஆடை அணிகளைச் சூட்டி வைத்தாற்போல அவ்வேடு இருக்கின்றது.

1500-ஆம் ஆண்டில் கர்தினால் சிஸ்நேரோஸ் என்பவர் அந்த மரபைக் காக்க முனைந்து, அதன் வழிபாட்டு நூலை அச்சிடச் செய்தார். ஆனால் பழைய மெட்டு திரும்பவில்லை. அதே சிஸ்நேரோஸ்தான் அதே காலத்தை ஒட்டி, கர்னாத்தா நகரின் சதுக்கத்தில் அரபு நூல்களைக் குவித்துத் தீயிட்டவர். மருத்துவ நூல்களை மட்டும் விலக்கி எடுத்துக்கொண்டார். ஒரு கையால் தம்மவர் ஏட்டைக் காத்தவர், மறு கையால் அயலார் ஏட்டை எரித்தார். இதனை நான் பகை மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. தன் ஏட்டின் அருமை அறிந்தவன் பிறர் ஏட்டின் அருமையையும் அறிய வேண்டும் என்பதற்காகவே சொல்கின்றேன்.

நம் தென்னாட்டிலும் இதற்கு ஒப்பானது நிகழ்ந்தது. 1599-ஆம் ஆண்டு கேரளத்தின் உதயம்பேரூரில் போர்த்துக்கீசியர் கூட்டிய சபை, அங்குள்ள பழைய கிறிஸ்தவர்களின் சிரியாக் மொழி நூல்கள் பலவற்றைத் தீயிடப் பணித்தது. நூல்கள் போயின. ஆயினும் அவர்கள் வாய்வழியாகவே வழங்கிவந்த சிரியாக் பாடல்களுள் பல இன்றளவும் கேட்கின்றன. ஏடு மின்னிய இடத்தில் பாட்டு மடிந்தது; ஏடு எரிந்த இடத்தில் பாட்டு பிழைத்தது!

திருமறை ஓதுதலைப் பாட்டோடு சேர்த்து நான் பேசவில்லை. அதன் நிலையே வேறு. ஆனால் வாய்வழிப் பாடத்தின் அருமையை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஹிஜ்ரி 391-இல் இப்னுல் பவ்வாப் தம் கையால் எழுதிய எழிலார்ந்த குர்ஆன் பிரதி டப்ளின் நகரில் இன்றும் இருக்கின்றது. அதன் அழகைக் கண்டு வியக்கலாம். ஓதக் கற்க வேண்டுமானால் மக்தபில் உஸ்தாதின் வாயைப் பார்த்துத்தானே நாம் எல்லோரும் கற்றோம்!

என் கைப்பிழை

ஐரோப்பாவில் அச்சு வந்து, மடங்கள் பல மூடப்பட்டபின், பாடல் ஏடுகளுக்கு நேர்ந்த கதி இரங்கத்தக்கது. பழந்தோலைப் பிற நூல்களுக்கு அட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வர்கள் பொன்னெழுத்துகளை மட்டும் கத்தரித்தெடுத்துச் சேர்த்தார்கள். எழுத்து சுவரில் தொங்கியது. அதன் பின்புறம் இருந்த பாட்டு பாதியில் அறுந்தது.

இதனைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. அதே பிழையை நானும் செய்திருக்கின்றேன். புதுவீடு கட்டிக் குடிபுகுந்த ஆண்டில், நன்னியின் நோட்டில் பூக்கொடி மிக அழகாக அமைந்த ஒரு தாளைப் பிய்த்துச் சட்டமிடக் கொடுத்தேன். கடைக்காரர் அதனை அட்டையில் பசைபோட்டு ஒட்டிவிட்டார். பின்புறத்தில் ஒரு தாலாட்டின் கடைசி நான்கு கண்ணிகள் இருந்தன. வந்தவரெல்லாம் சுவரைப் பார்த்து, “எவ்வளவு அழகு!” என்று பாராட்டினார்கள். தாலாட்டு நோட்டில் பாதியில் நின்றது. அப்பொழுது அது எனக்கு உறைக்கவே இல்லை.

பெரியம்மா பாடினார்

லுஹர் தொழுகை முடிந்து நான் திரும்பியபோது பெரியம்மா கட்டிலில் அமர்ந்திருந்தார். “வா அத்தா! அருப்புக்கோட்டையிலிருந்தா வாறே?” என்று கையைப் பற்றிக்கொண்டார். கண் பார்வை மங்கியிருந்தது. நோட்டை மடியில் வைத்தேன். தாளைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“எனக்கு இனி எழுத்துத் தெரியாதத்தா. நீ முதல் வரியைச் சொல்லு” என்றார்.

ஒவ்வொரு பாட்டின் முதல் வரியையும் படித்துக் காட்டினேன். முதல் இரண்டுக்கும் தலையை அசைத்தார்: “கேட்டிருக்கேன்; மெட்டு வரலை.” மூன்றாவது முனாஜாத்து. வரியை நான் முடிப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார். குரல் நடுங்கியது, மூச்சு இடையிடையே நின்றது. ஆனால் ஓசை தடம் மாறவில்லை. என் மகள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள்.

பதினொன்றில் அவருக்கு மெட்டு நினைவிருந்தவை நான்கு. அவற்றுள் கடைசியாக வந்தது அந்தத் தாலாட்டு. நோட்டில் சொற்கள் முடிந்த இடத்தில் நான் நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. பசைக்குள் புதைந்துபோன கண்ணிகளுள் இரண்டை முழுமையாகப் பாடினார். பிறகு, “இன்னும் இருக்கு, வாயிலே வரமாட்டேங்குது” என்று சிரித்தார்.

என்னால் உடனே பேச முடியவில்லை. நான் அழகுக்காகப் பிய்த்தெறிந்ததை, எழுத்தைப் பார்க்கவும் இயலாத ஒரு மூதாட்டி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் தொண்டையில் காத்துவைத்திருந்தார். எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணியின் கதையை ஆசிரியர் சொன்னபோது வெறும் புராணமாகவே கேட்டேன். திருச்சுழியில் அந்தக் கட்டிலின் அருகே அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

மாலைப் பேருந்தில் திரும்பினோம். குண்டாறு மணலாய்க் கிடந்தது. ஆடுகள் பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. என் மகள் சன்னலோரம் அமர்ந்து, பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, தாழ்ந்த குரலில் அந்தத் தாலாட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டிடத்தில் தடுக்கினாள். அடுத்த வெள்ளியன்று மீண்டும் திருச்சுழிக்குப் போய்ப் பெரியம்மாவிடம் திருத்தம் கேட்க வேண்டும் என்றாள். “பதிவுதான் இருக்கின்றதே?” என்றேன். “பதிவு என் பிழையைத் திருத்தாதே அத்தா” என்றாள்.

ஏழு பாட்டுகள் ஊமையாகவே நிற்கின்றன. லெயோன் ஏட்டைப் போல அவற்றையும் இனிப் பார்க்கலாம், கேட்க முடியாது.

அன்புச் சகோதரிகளே, சகோதரர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கலாம். அடுத்த ஊரில் ஒரு பெரியம்மா இருக்கலாம். நோட்டைப் பத்திரப்படுத்துங்கள்; தாளைப் பிய்க்காதீர்கள். அதற்கும் முன்னதாக, அந்தப் பெரியம்மாவிடம் போய் அமர்ந்து முதல் வரியைச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.